திரும்பி வந்தாலும் முழுக் கூலி!



"மலருக்கு ஏதாவது எழுதிக் குடுடா. எதை வேணும்னாலும் எழுது, 'இளைஞனே எழுந்து வா' மட்டும் வேண்டாம். ஏற்கெனவே அஞ்சு பேர் குடுத்தாச்சு" என்றார்கள் மலர்க்குழுவினர். சரி, இளைஞன் கொஞ்ச நேரம் உட்கார்ந்தே இருக்கட்டும். நான் எரிமலையைப் பற்றி எழுதுகிறேன். பாடப்புத்தகத்தில் படம் போட்டிருக்குமே, அந்த எரிமலை இல்லை. நானே ஏறி, இருமி, கண் எரிந்து, இறங்கி வந்த எரிமலை.

பயணக் கட்டுரை என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். எனக்குச் சொல்ல ஒரு கருத்து இருக்கிறது. அதைப் படிக்காமல் டிப்ளமோ சர்டிபிகேட்டை வாங்கிக்கொண்டு யாரும் வெளியே போய்விடக் கூடாது என்பது என் ஆசை.

"டிப்ளமோ படிக்கிற பையனுக்கு எரிமலை எங்கேயிருந்து கிடைச்சுது?" நியாயமான கேள்விதான். என் அக்கா சிங்கப்பூரில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர், அதாவது என் மாமா, அங்கே கப்பல் பழுதுபார்க்கும் யார்டில் வெல்டிங் சூபர்வைசர். முதலாண்டு முடிந்து 2023 மே லீவில் என்னை அங்கே வரவழைத்தார்கள். மாமாவுக்கு நாலு நாள் விடுப்பு கிடைத்தது. "வாடா, இந்தோனேசியா போய் நெருப்பு மலை பார்ப்போம்" என்றார். விமானத்தில் சுரபயா, அங்கிருந்து ரயிலில் ஜாவா தீவின் கிழக்குக் கோடியில் இருக்கும் பன்யுவாங்கி. அதற்கு மேலே இருக்கிற மலைதான் இஜென்.

இஜெனுக்கு உலகம் பூராவும் இருந்து ஆட்கள் வருவது நீலத் தீயைப் பார்க்க. எரிமலைக் குழம்பே நீலமாக ஓடுகிறது என்று சிலர் கதை விடுவார்கள். அப்படியெல்லாம் இல்லை. பாறை இடுக்குகளில் பயங்கர வெப்பத்தோடு வெளிவரும் கந்தக வாயு, காற்று பட்டதும் பற்றி எரிகிறது. கந்தகம் நீலமாகத்தான் எரியும். நம்ம கெமிஸ்ட்ரி லேபில் பார்த்ததுதான். வெளிச்சம் வந்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் எல்லோரும் நடு ராத்திரியில் மலை ஏறுகிறார்கள்.

நாங்கள் எடுத்தது பிரைவேட் டூர். கூட்டத்தோடு கோவிந்தா கிடையாது. ஒரு ஜீப், ஒரு டிரைவர், ஒரு கைடு, நாங்கள் இரண்டு பேர். ராத்திரி பன்னிரண்டரைக்கு லாட்ஜ் வாசலில் ஏற்றிக்கொண்டு மறுநாள் மத்தியானத்துக்குள் திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள். மாமா நன்றாகப் பேரம் பேசினார். ஒரு லட்சம் ரூபியா குறைத்தார். பயந்துவிடாதீர்கள், நம்ம காசுக்கு அது ஐந்நூறு ரூபாய்ச் சொச்சம்தான். அந்த ஐந்நூறைக் குறைத்ததில் எங்கள் இருவருக்கும் ரொம்பப் பெருமை.

கைடுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். அங்கே வயதில் மூத்த ஆம்பளைகளை 'பாக்' என்று கூப்பிட வேண்டும். நம்ம 'ஐயா' மாதிரி. நாங்கள் அவரை பாக் என்றோம், அவர் எங்களை மிஸ்டர் என்றார். முன்னே பதினாலு வருஷம் இதே மலையில் கந்தகம் சுமந்தவராம். சட்டைக் காலரை விலக்கித் தோளைக் காட்டினார். மூங்கில் அழுத்தி அழுத்தி எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி மாதிரி தடித்திருந்தது.

பால்டுடிங் என்ற இடம் வரை ஜீப் போகும். அதற்கு மேல் மூன்று கிலோமீட்டர் நடை. செங்குத்து ஏற்றம். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மூச்சு வாங்க, ஒன்றேமுக்கால் மணி நேரத்தில் மலை விளிம்புக்கு வந்து சேர்ந்தோம். அங்கே ஒரு போர்டு. பார்வையாளர்கள் பள்ளத்துக்குள் இறங்கக் கூடாது, ஆபத்து என்று எழுதியிருக்கிறது. அந்த போர்டைத் தாண்டித்தான் எல்லோரும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். நம்ம ஊர் 'சிறுநீர் கழிக்காதீர்' போர்டு கதைதான்!

பாக் எங்கள் இருவருக்கும் கேஸ் மாஸ்க் மாட்டிவிட்டார். அப்புறம் கீழே புகையை ரொம்ப நேரம் பார்த்தார். "மிஸ்டர், காத்து நம்ம பக்கம் திரும்புது. இன்னைக்கு மேலேயே நிக்கலாம். விடிஞ்சா ஏரி நல்லாத் தெரியும்" என்றார்.

இப்போது நான் செய்ததை எழுதவேண்டும். எழுதக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

"நீலத் தீ பாக்கத்தானே இவ்வளவு தூரம் வந்தோம்? எல்லாரும் இறங்கறாங்களே!" என்றேன் நான். "இறங்கலேன்னா பாதிப் பணம் திருப்பித் தருவீங்களா?" என்றார் மாமா.

பாக் ஒன்றும் பேசவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுக்கிற இடத்தில் அவர் இல்லை. பணம் வாங்கியது டவுனில் இருக்கும் ஏஜெண்டு. கெட்ட பெயர் மட்டும் பாக்குக்கு வரும். அடுத்த நாள் வேலைக்கு ஏஜெண்டு வேறு ஆளைக் கூப்பிடுவார். அரை நிமிஷம் நின்றார். பிறகு, "மெதுவா வாங்க" என்று சொல்லிவிட்டு முன்னே இறங்கினார்.

பாதி வழியில் எதிரே ஒரு சுமை ஆள் ஏறி வந்தார். காவடி மாதிரி தோளில் ஒரு மூங்கில், இரண்டு பக்கமும் கூடை, கூடை நிறைய மஞ்சள் கந்தகப் பாளம். எழுபது எண்பது கிலோ தேறும். வாயில் ஈரத்துணி. மாஸ்க் கிடையாது. நாங்கள் பாறையோரம் ஒதுங்கி வழி விட்டோம். படம் எடுக்க வந்த என் மூக்குக்கு மாஸ்க். தினம் அங்கேயே வேலை செய்கிறவர் மூக்குக்கு ஒரு துணி. அதை நினைத்து முடிப்பதற்குள் புகை திரும்பியது.

சினிமாவில் வருகிற புகை மாதிரி இல்லை, நண்பர்களே. வெள்ளைச் சுவர் ஒன்று வந்து முகத்தில் மோதின மாதிரி. முன்னே நின்ற மாமாவின் விளக்கு தெரியவில்லை. மாஸ்க்கையும் மீறித் தொண்டை எரிந்தது. கந்தக டை ஆக்சைடு ஈரத்தோடு சேர்ந்தால் அமிலம் என்று முதலாண்டில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன். அந்த ஈரம் என் கண்ணிலேயும் தொண்டையிலேயும் இருக்கும் என்று பரீட்சையில் யாரும் கேட்கவில்லை! என் மாஸ்க்கின் வார் நழுவிவிட்டது. எனக்குக் கை நடுங்கியது. பாக் தன்னுடைய மாஸ்க்கைக் கழற்றி என் முகத்தில் அழுத்திப் பிடித்தார். இரண்டு மூன்று நிமிஷம் இருக்கும். காற்று மறுபடி திரும்பியதும் கையைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தார்.

நீலத் தீயா? கீழே ஒரு நொடி ஊதா நிறத்தில் ஏதோ துடித்தது. அவ்வளவுதான். விடிந்த பிறகு ஏரி தெரிந்தது. சுமார் ஒரு கிலோமீட்டர் அகலம், பச்சையும் நீலமுமாக, கண்ணுக்கு அவ்வளவு அழகு. ஆனால் அதன் பி.எச். மதிப்பு 0.5-க்கும் கீழே. தண்ணீர் என்று சொல்வதே தப்பு. அது ஒரு அமிலத் தொட்டி. அதைக் காட்டி விளக்கம் சொல்லும்போதே பாக் இருமினார். இறங்கும் வழி முழுக்க இருமினார்.

ஜீப்பில் மாமா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "யார்டில் கப்பல் டாங்குக்குள்ள ஆள் இறங்கணும்னா முதல்ல கேஸ் டெஸ்ட் எடுக்கணும்டா. பர்மிட்டில் கையெழுத்து இல்லாம எவனையும் நான் இறங்க விடமாட்டேன். மேனேஜரே சொன்னாலும் விடமாட்டேன். இங்க என்னடான்னா, வேண்டாம்னு சொன்ன ஆளை நானே இறக்கிட்டேன்."

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கட்டுரை.

மலைக்கு சேஃப்டி வால்வ் இல்லை

ஊருக்குத் திரும்பிய பிறகு எரிமலைகளைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். போகும் முன் படித்திருக்க வேண்டியது. புத்தி பின்னாடிதான் வந்தது.

எரிமலை வெடிப்பு என்றால் நெருப்புக் குழம்பு என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆனால் சுற்றுலாப் பயணிகளைக் கொன்ற வெடிப்புகளில் சில வெறும் நீராவி வெடிப்புகள். மலைக்குள் அடைபட்ட தண்ணீர் கொதிநிலையைத் தாண்டிச் சூடாகிறது. மேலே பாறை மூடி போட்ட மாதிரி அடைத்திருப்பதால் ஆவியாக முடியவில்லை. மூடி எங்கேயாவது விரிந்தால், அத்தனையும் ஒரே கணத்தில் ஆவியாகிறது. தண்ணீர் ஆவியானால் கொள்ளளவு சுமார் 1,700 மடங்கு என்று தெர்மல் பாடத்தில் படிக்கிறோமே, அதேதான். பாய்லர் வெடிப்புதான். பாய்லருக்காவது சேஃப்டி வால்வ் உண்டு, பிரஷர் கேஜ் உண்டு. மலைக்கு எது? வெடிப்பதற்கு முன் ஓடித் தப்பிக்கிற அளவுக்கு முன்னறிவிப்பும் பல நேரம் கிடைப்பதில்லை.

நியூசிலாந்தில் வக்காரி என்று ஒரு தீவு. வெள்ளைத் தீவு என்றும் சொல்வார்கள். கரையிலிருந்து 48 கிலோமீட்டர் தூரத்தில், கடலுக்கு நடுவில் நிற்கிற எரிமலை. படகில் கூட்டிப்போய், ஹெல்மெட்டும் மாஸ்க்கும் கொடுத்து, எரிமலை வாய் ஓரம் வரை நடத்திக் காட்டி, அன்றைக்கே திருப்பிக் கொண்டுவந்து விட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களுடைய டூர் மாதிரியேதான். 2019 நவம்பர் 18-ல் அந்த நாட்டு விஞ்ஞானிகள் அதன் எச்சரிக்கை நிலையை இரண்டுக்கு உயர்த்தினார்கள். வெடிப்பு நடக்காமல் இருக்கும்போது தரக்கூடிய அதிகபட்ச நிலை அதுதான். டூர்கள் நிற்கவில்லை. சரியாக மூன்று வாரம் கழித்து, டிசம்பர் 9 மத்தியானம் 2.11-க்கு மலை வெடித்தது. தீவில் இருந்தவர்கள் 47 பேர். 22 பேர் இறந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் கைடுகள்.

வழக்கு வருஷக் கணக்கில் நடந்தது. தீவைச் சொந்தமாக வைத்திருந்த கம்பெனி குற்றவாளி என்று 2023-ல் ஒரு நீதிமன்றம் சொன்னது. 2025 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. நிலம் யாருடையது, டிக்கெட் யார் விற்றது, அனுமதி யார் கொடுத்தது என்று சட்டம் நிதானமாகப் பிரித்துப் பார்க்கும். மலை அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை. முன்னே நடந்தவரையும் பின்னே நடந்தவரையும் ஒன்றாகவே பார்த்தது.

அடுத்தது நம்மைத் தொடுகிற விஷயம். இந்தோனேசியாவின் சுமத்ரா தீவில் மராபி என்றொரு எரிமலை. நான் இஜெனிலிருந்து திரும்பி ஏழாவது மாதம், 2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை வெடித்தது. மலையில் 75 பேர் இருந்தார்கள். 24 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பாடாங் நகரத்து அரசு பாலிடெக்னிக் மாணவர்களும் உண்டு.

ஆமாம் நண்பர்களே, பாலிடெக்னிக் மாணவர்கள். நம்மைப் போலவே ஒர்க்‌ஷாப், டிராயிங், அரியர் என்று இருந்தவர்கள். லீவு நாளில் மலை ஏறினார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று ஹாஸ்டலில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இந்தோனேசியாவில் நாலு எச்சரிக்கை நிலைகள் உண்டு: நார்மல், வாஸ்பாடா, சியாகா, ஆவாஸ். மராபி அன்று இரண்டாம் நிலையான வாஸ்பாடாவில் இருந்தது. வாயிலிருந்து 3 கிலோமீட்டருக்குள் போகாதீர்கள் என்பது எரிமலைக் கண்காணிப்புத் துறையின் அறிவுரை. இயற்கைப் பாதுகாப்புத் துறையோ மலையேற அனுமதிச் சீட்டு கொடுத்துக்கொண்டிருந்தது. ஒரு கை 'வேண்டாம்' என்றது, இன்னொரு கை டிக்கெட் கிழித்தது. நடுவில் போனது பிள்ளைகள்.

"அப்ப நிலை ஒண்ணுன்னா போகலாமா?" என்பீர்கள். ஜப்பானின் ஒன்டாகே மலை 2014 செப்டம்பர் 27-ல் வெடித்தபோது மிகக் குறைந்த முதல் நிலையில்தான் இருந்தது. 63 பேர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். எண் நமக்கு ஒரு தகவல், அவ்வளவுதான். அது காவல் தெய்வம் அல்ல.

மூடிவிடலாமா?

"அப்படின்னா எரிமலைப் பக்கமே யாரும் போகக் கூடாதுங்கறியா?" இல்லை. அப்படிச் சொல்கிறவன் பாக்கின் தோளைப் பார்க்காதவன். இஜெனில் சுற்றுலாவை நிறுத்தினால் அவர் மறுபடி மூங்கிலை எடுத்துத் தோளில் வைக்கவேண்டியதுதான். எண்பது கிலோ கந்தகம் சுமப்பதைவிட என்னைப் போல ஒரு முட்டாளைக் கூட்டிக்கொண்டு போவது அவருக்கு எவ்வளவோ மேல். அந்தக் கூலியில்தான் அவர் மகள் படிக்கிறாள். மலைகளையும் நேரில் பார்க்கத்தான் வேண்டும். அந்த ஏரியைப் பார்த்த பிறகு எனக்குப் பூமி மேல் ஒரு மரியாதையே வந்திருக்கிறது.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. வேண்டாம் என்று கைடு சொன்னால் அவர் சம்பளம் குறையக் கூடாது.

யோசித்துப் பாருங்கள். அந்த மலையில் அன்றைக்கு நிலவரம் தெரிந்தவர் யார்? டவுனில் உட்கார்ந்து பணம் வாங்கிய ஏஜெண்டுக்குத் தெரியாது. ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்த எனக்கும் தெரியாது. பதினாலு வருஷம் அந்தப் புகையைக் குடித்தவருக்குத்தான் தெரியும். அவர் சரியாகத்தான் சொன்னார். ஆனால் தெரிந்தவர் கையில் அதிகாரம் இல்லை, அதிகாரம் வைத்திருந்தவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. பிரைவேட் டூரில் இது இன்னும் மோசம். கூட்டத்தில் பத்துப் பேர் இருந்தால் ஒருத்தராவது "சரி, வேண்டாம்" என்பார். இங்கே ஒரே ஒரு வாடிக்கையாளர், அவர் முகம் சுளித்தால் அன்றைய பிழைப்பு போச்சு.

ஆகவே எரிமலைக்கு, ஏன், காட்டுக்கோ அருவிக்கோ தனிக் கைடு வைத்துப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். அந்த மலையின் இன்றைய எச்சரிக்கை நிலை என்ன என்று கிளம்பும் முன் கேளுங்கள். நான் கேட்கவே இல்லை. அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. மாஸ்க்கைக் கீழேயே மாட்டிப் பார்த்து வாரைச் சரிசெய்யுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வண்டியில் ஏறும்போதே கைடிடம் சொல்லிவிடுங்கள்: "நீங்க எந்த இடத்துல திரும்பலாம்னு சொல்றீங்களோ, அங்கேயே திரும்புவோம். திரும்பினாலும் உங்களுக்கு முழுக் கூலி." ஏஜெண்டு காதிலும் விழும்படி சொல்லுங்கள். பேரம் பேச வேண்டுமென்றால் சாப்பாட்டில் பேசுங்கள், ஜீப்பில் பேசுங்கள். இதில் பேசாதீர்கள்.

நாமும் கைடுகள்தான்

"எரிமலைக்கு நாங்க எங்கே போகப் போறோம்?" என்று கடைசி பெஞ்சு நண்பன் கொட்டாவி விடுவது தெரிகிறது. போகப்போகிறாய் நண்பா. அடுத்த வருஷமே போகப்போகிறாய்.

முதலாளி மேலே ஆபீசில் இருப்பார். டிசைன் செய்த என்ஜினீயர் வேறு ஊரில் இருப்பார். பாய்லர் பக்கத்தில் நிற்கப்போவது யார்? லிப்ட் குழியில், சாரத்தில், டேங்குக்குள், ஹை டென்ஷன் லைன் கீழே ஆட்களைக் கூட்டிக்கொண்டு முன்னே நடக்கப்போவது யார்? டிப்ளமோ படித்த நாம்தான். சூபர்வைசர் என்பார்கள், ஃபோர்மேன் என்பார்கள். பெயர் எதுவானாலும் வேலை பாக்கின் வேலைதான். கேஜ் முள் நடுங்குவதை முதலில் பார்ப்பது நம் கண். "இன்னைக்கு வேண்டாம் சார்" என்று சொல்ல வேண்டியது நம் வாய். அப்போது ஒருவர் கேட்பார்: "ஆர்டர் கேன்சலானா நீ பணம் தருவியா?"

இதற்கு உலகம் ஏற்கெனவே ஒரு பதில் எழுதி வைத்திருக்கிறது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பி வேலையிலிருந்து விலகுகிற தொழிலாளியைத் தண்டிக்கக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1981-லேயே, 155-ஆம் உடன்படிக்கையில் சொல்லிவிட்டது. நம் நாட்டில் போபால் கொடுமைக்குப் பிறகு, 1987-ல், ஆபத்து வருகிறது என்று எச்சரிக்கும் உரிமையைத் தொழிலாளிக்குக் கொடுத்துத் தொழிற்சாலைச் சட்டத்தையே திருத்தினார்கள். ஆயிரக்கணக்கான உயிர் போன பிறகு கிடைத்த உரிமை அது. அதை நம் பாடத்திட்டத்தில் ஒரு மூலையில் இரண்டு மதிப்பெண் கேள்வியாகப் படித்துவிட்டு மறந்துபோகிறோம்.

காகிதத்தில் உரிமை இருந்தால் போதாது. சொல்கிறவன் வயிறு காயாமல் இருக்கவேண்டும். பாக்குக்குத் தைரியம் இல்லாமல் இல்லை. தன் மாஸ்க்கையே கழற்றிக் கொடுத்தவருக்குத் தைரியத்தைப் பற்றி நான் பாடம் எடுக்க முடியுமா? அவரிடம் இல்லாதது மறுநாள் வேலை உறுதி. அதைப் பறித்து வைத்திருந்தது நானும் என் மாமாவும், எங்கள் ஐந்நூறு ரூபாயும்.

பிரியும்போது மாமா அந்தக் குறைத்த பணத்தையும் அதற்கு மேலும் சேர்த்து அவர் கையில் வைத்தார். பாக் வாங்கிக்கொண்டார், சிரித்தார், இருமினார். "அடுத்த தடவை வாங்க மிஸ்டர், தீ நல்லாக் காட்டறேன்" என்றார். பணம் கொடுத்ததால் கணக்கு தீர்ந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

வேலைக்குப் போனதும், என் கீழே இருக்கிற ஒரு ஹெல்பர் "அண்ணே, இன்னைக்கு இது வேண்டாம்ணே" என்று சொன்னால், அன்றைக்கு அவன் சம்பளத்தில் ஒரு பைசா குறையாமல் பார்த்துக்கொள்வேன். இதை எழுத்தில் கொடுக்கிறேன். மலர் உங்கள் எல்லோரிடமும் இருக்கும். பத்து வருஷம் கழித்து நான் மாறியிருந்தால், இந்தப் பக்கத்தை எடுத்து என் முகத்தில் காட்டுங்கள்.

நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுவீர்களா, நண்பர்களே?

- மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்